அத்தியாயம் 7: ஹிஜாபும் மூக்குக் கண்ணாடியும்

மருத்துவமனை இணையதளத்தில் டாக்டர்களின் படங்கள், கல்லூரியின் ஆசிரியர் பட்டியல், லிங்க்டுஇன் பக்கம் என்று எதை வேண்டுமானாலும் திறந்து பாருங்கள். வரிசையில் ஹிஜாபும் கண்ணாடியும் அணிந்த பெண்ணின் படம் வந்தால், பல முறை அது மற்ற படங்களைவிட மட்டமாக இருக்கும். கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளைக் கட்டங்கள், நெற்றியில் துணியின் நிழல். கறுப்பு ஹிஜாப் என்றால் மடிப்பே தெரியாமல் எல்லாம் ஒரே கறுப்பு, நடுவில் வெளிறிப்போன முகம். எடுத்தவரைக் கேட்டால், "உங்க கண்ணாடிதான்மா பிரச்சினை, கழட்டிட்டு எடுத்துக்கலாமே" என்பார்.

கழற்ற வேண்டியதில்லை. தினமும் கண்ணாடியோடு உங்களைப் பார்க்கிற நோயாளியும் மாணவியும் கட்சிக்காரரும் கண்ணாடி இல்லாத படத்தைப் பார்த்தால் ஒரு நொடி தயங்குவார்கள். அடையாளத்துக்காக எடுக்கிற படம் அந்தத் தயக்கத்தைத் தரக் கூடாது.

சிக்கல் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கண்ணாடிக்கு விளக்கு உயரமாக, ஓரமாக இருந்தால் நல்லது. அப்போதுதான் லென்ஸில் வெளிச்சம் அடிக்காது. ஹிஜாபுக்கு விளக்கு தாழ்வாக, நேர் முன்னால் இருந்தால் நல்லது. உயர்ந்தால் நெற்றிமேல் துணி நிழல் போடும், ஓரமாகப் போனால் கன்னத்து மடிப்பு நிழல் போடும். ஸ்டுடியோக்காரர் ஒன்றைச் சரிசெய்யும்போது மற்றது கெட்டுவிடுகிறது. அவர் கழற்றச் சொல்வதும் அதனால்தான். இதற்கு விளக்கை மட்டும் நகர்த்திக்கொண்டே இருப்பதில் பயனில்லை. துணியைச் சுற்றுகிற விதமும் கண்ணாடி காதில் உட்காருகிற விதமும் முதலில் சரியாக வேண்டும். அது உங்கள் கையில் இருக்கிற வேலை; ஸ்டுடியோவுக்குக் கிளம்பும் முன் வீட்டுக் கண்ணாடி முன்னாலேயே முடித்துவிடலாம்.

துணி

நெற்றியில் தொடங்குவோம். வெளித்துணியின் முன்விளிம்பு தாழ்வாரம் மாதிரி முகத்துக்கு முன்னால் நீண்டிருந்தால், எந்த விளக்கைப் போட்டாலும் புருவத்துக்கு மேல் ஒரு கரிய பட்டை விழும். உள்ளே போடுகிற இன்னர் கேப் முடியை இறுக்கிப் பிடித்திருந்தால் வெளித்துணியை நெற்றியோடு ஒட்டி, சற்றுப் பின்னுக்கு இழுத்து வைக்கலாம். முடி தெரிந்துவிடுமோ என்கிற பயத்தில்தான் பலர் துணியை முன்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கிறார்கள். இன்னர் கேப் சரியாக இருந்தால் அந்தப் பயமே வராது. இன்னர் கேப்பும் வெளித்துணியும் ஒரே நிறத்தில் இருக்கட்டும். வேறு நிறமானால் நெற்றியில் ஒரு கோடு தனியாகத் தெரிந்து பார்ப்பவர் கண் அங்கேயே போய் நிற்கும்.

அடுத்தது கன்னம். நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில், காதுக்குச் சற்று முன்னால், இரண்டு பக்கமும் துணியை இன்னர் கேப்போடு சேர்த்து ஒரு பின் குத்துங்கள். மேக்னெட் பின் இருந்தால் இன்னும் வசதி, துணியில் ஓட்டை விழாது. இந்த இரண்டு பின்களும் கன்னத்து மடிப்பைப் பின்னால் பிடித்துவைக்கும். பக்கத்திலிருந்து வருகிற வெளிச்சம் கன்னம் முழுவதும் படியும்.

தாடைக்குக் கீழே ஒரு விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வு வேண்டும். இறுக்கிக் கட்டினால் இல்லாத இரட்டைத் தாடை வந்துவிடும். ரொம்பத் தளர்ந்தாலோ கழுத்தருகே துணி தொங்கி, உட்கார்ந்ததும் மார்பில் குவியும்.

எந்தத் துணி? பளபளக்கிற சாட்டின், பட்டு வகைகளைத் தவிர்த்துவிடுங்கள். மடிப்பு மடிப்பாக விளக்கு மின்னும். ஷிஃபான் அழகுதான், ஆனால் நழுவும், ஃபேன் காற்றில் ஆடும், மெல்லியதாக இருந்தால் இன்னர் கேப்பின் விளிம்பைக் காட்டிக்கொடுக்கும். படத்துக்கு ஏற்றது மேட்டாக இருக்கிற காட்டன், விஸ்கோஸ், ஜெர்சி, க்ரேப். நெருக்கமான பொடிக் கட்டமும் பொடிக் கோடும் டிஜிட்டல் கேமராவில் அலை அலையான வண்ணக் கோலமாக மாறிவிடும். பெரிய பூப்போட்ட துணி முகத்தை அடக்கிவிடும். ஒற்றை நிறமே நல்லது.

நிறத்தைப் பற்றி ஒரு விஷயத்தைப் பலரும் கவனிப்பதில்லை. துணி முகத்தை மூன்று பக்கமும் சூழ்ந்திருப்பதால் அதன் நிறம் தாடையிலும் கன்னத்திலும் கொஞ்சம் ஏறும். கிளிப்பச்சை, ஆரஞ்சு, அடர் ரோஸ் எல்லாம் தோலின் நிறத்தையே மாற்றிக் காட்டும். நம் ஊர்த் தோல் நிறங்களுக்குக் கருநீலம், அரக்கு, பாட்டில் பச்சை, சாம்பல், சந்தன நிறம் எல்லாம் பொருந்தும். கறுப்புதான் வழக்கம், மாற்ற விருப்பமில்லை என்றால் மாற்ற வேண்டாம். பின்னணியை இளஞ்சாம்பல் நிறமாகக் கேட்டு வாங்குங்கள். கறுப்புப் பின்னணியில் கறுப்பு ஹிஜாப் என்றால் முகம் மட்டும் அந்தரத்தில் மிதக்கும்.

காதுக் கம்பி

இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால், இதைப் படியுங்கள்.

ஹிஜாப் அணிகிற பலரும் கண்ணாடியை முதலில் மாட்டிக்கொண்டு அதன் மேல் துணியைச் சுற்றுகிறார்கள். துணி காதுக் கம்பியை அழுத்துகிறது. ஒரு பக்கம் அதிகமாக அழுத்தினால் ஃபிரேம் கோணலாகிறது. நேரில் யாரும் கவனிக்க மாட்டார்கள். படத்தில் ஒரு கண் மேலே, ஒரு கண் கீழே இருப்பதுபோலத் தெரியும். மாறாக, துணிக்கு மேலே கம்பியை விட்டால் ஃபிரேம் அகன்று நழுவிக்கொண்டே வரும்.

முறையை மாற்றிப் பாருங்கள். முதலில் இன்னர் கேப், பிறகு வெளித்துணி, நெற்றிப்பொட்டுப் பின்கள். கடைசியில் கண்ணாடி. இரண்டு கம்பிகளையும் இன்னர் கேப்புக்கும் வெளித்துணிக்கும் நடுவில் செருகுங்கள். பின்னைக் கம்பி போகிற வழிக்கு மேலே குத்தியிருந்தால் கம்பி தடையில்லாமல் போகும். இப்போது கண்ணாடியைக் கழற்றி மாட்டினாலும் சுற்று கலையாது. வளைந்த கொக்கி உள்ள கம்பியைவிட நேரான, மெல்லிய கம்பி இதற்கு நன்றாக ஒத்துழைக்கும். அடுத்த ஃபிரேம் வாங்கும்போது நினைவில் வையுங்கள்.

இனித்தான் முக்கியமான இடம். கண்ணாடியில் ஒளி அடிப்பதைத் தடுக்க உலகம் முழுவதும் புகைப்படக்காரர்கள் செய்கிற பழைய தந்திரம் ஒன்று உண்டு: காதுக் கம்பியைக் காதின் மேல் உட்காரவிடாமல் சற்றுத் தூக்கிவைப்பது. பின்னால் தூக்கினால் முன்னால் லென்ஸ் தரையைப் பார்த்துச் சாயும். கண்ணாடிப் பரப்பு எவ்வளவு சாய்கிறதோ, பிரதிபலிப்பு அதைப்போல் இரண்டு மடங்கு நகரும். காதுக் கம்பி பெரும்பாலும் 14 செ.மீ. நீளம் இருக்கும். காதருகே 1 செ.மீ. தூக்கினால் லென்ஸ் ஏறக்குறைய 4 பாகை சாயும், பிரதிபலிப்பு 8 பாகை நகரும். விளக்கு ஒன்றரை மீட்டர் தொலைவில் இருந்தால், அதை 20 செ.மீ. உயர்த்தியதற்கு இது சமம்.

மற்றவர்களுக்கு இதில் ஒரு தொல்லை உண்டு. கம்பி காதுக்கு மேலே அந்தரத்தில் நிற்பது படத்தில் தெரிந்துவிடும், தலையை அசைத்தால் விழுந்தும்விடும். உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. கம்பி துணிக்குள் மறைந்திருக்கிறது, துணியே அதைப் பிடித்தும் வைத்திருக்கிறது. கண்ணாடிக்கு ஹிஜாப் இடைஞ்சல் என்று சொல்கிற ஸ்டுடியோக்காரருக்கு இதைச் செய்து காட்டுங்கள்.

அளவோடு தூக்குங்கள். அரை செ.மீ. தூக்கிப் பார்த்து, தேவையானால் இன்னும் கொஞ்சம். ஃபிரேமின் மேல்விளிம்பு புருவத்தை மறைக்கக் கூடாது, கண்மணியை வெட்டக் கூடாது. கண் லென்ஸின் நடுவிலோ அதற்குச் சற்று மேலேயோ இருக்க வேண்டும். சிரிக்கும்போது கன்னம் உயர்ந்து ஃபிரேமைத் தள்ளும் என்பதால், சிரித்தபடியே சரிபாருங்கள்.

லென்ஸ்

கோட்டிங் இல்லாத சாதாரண லென்ஸ் தன்மேல் படுகிற ஒளியில் ஏறக்குறைய 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். பவர் அதிகம் உள்ளவர்களுக்குத் தருகிற மெல்லிய ஹை இண்டெக்ஸ் லென்ஸ் கோட்டிங் இல்லாவிட்டால் அதைவிடவும் கூடுதலாக, 12 சதவீதத்தை ஒட்டித் திருப்பும். ஆன்ட்டி ரிஃப்ளெக்‌ஷன் கோட்டிங் இருந்தால் அது 1 சதவீதத்தை ஒட்டிக் குறைந்துவிடும். மிச்சமிருப்பது பச்சை அல்லது ஊதாச் சாயல்தான். அதை எடிட்டிங்கில் எளிதாக நீக்கலாம். ப்ளூ கட் லென்ஸில் நீலச் சாயல் வரும். கம்ப்யூட்டர் வேலைக்காக அதைப் போட்டிருந்து, வீட்டில் கோட்டிங் மட்டும் உள்ள இன்னொரு கண்ணாடி இருந்தால், படத்துக்கு அதை எடுத்துச் செல்லுங்கள்.

வெயிலில் கறுக்கிற லென்ஸ் அணிபவர்கள் ஸ்டுடியோவுக்குள் நுழைந்தவுடன் உட்கார்ந்துவிடக் கூடாது. லென்ஸ் தெளிய ஐந்து, பத்து நிமிடம் ஆகும். அதுவரை கண்ணாடியைப் பைக்குள் வையுங்கள். ஏசி அறையிலிருந்து வெளியே வந்து மொட்டைமாடியிலோ தோட்டத்திலோ எடுப்பதாக இருந்தால் வேறொரு தொல்லை: சென்னை, தூத்துக்குடி, காயல்பட்டினம் போன்ற கடற்கரை ஊர்களின் ஈரக்காற்று குளிர்ந்த லென்ஸில் பட்டவுடன் பனிபோல் மூடும். துடைத்தாலும் மறுபடி மூடும். லென்ஸ் வெளிச்சூட்டுக்கு வரும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

மைனஸ் பவர் அதிகமானால் லென்ஸுக்குள் கண் சிறுத்துத் தெரியும், முகத்தின் ஓரக்கோடும் லென்ஸுக்குள் உள்ளே நகர்ந்து வெட்டியது போலத் தெரியும். முகத்தைத் திருப்பத் திருப்ப அந்த வெட்டு பெரிதாகும். ஆகவே −4, −5க்கு மேல் பவர் உள்ளவர்கள் உடலை வேண்டுமானால் லேசாகத் திருப்பிக்கொள்ளலாம், முகம் கேமராவுக்கு நேராகவே இருக்கட்டும். வழக்கத்தைவிடச் சற்று அழுத்தமாகச் சுர்மா இட்டுக்கொள்வது சிறுத்த கண்ணை எடுத்துக்காட்டும். ப்ளஸ் பவருக்குக் கண் பெரிதாகத் தெரியும். அவர்கள் கண் மையைக் குறைத்துக்கொள்ளலாம்.

கேமராவில் சி.பி.எல். (சர்க்குலர் போலரைசர்) ஃபில்டர் போட்டால் கண்ணாடி ஒளி போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்த ஃபில்டர் சாய்வான கோணத்தில், 56 பாகை அளவில் திரும்பி வருகிற ஒளியைத்தான் நன்றாக வெட்டும். முகத்தில் இருக்கிற கண்ணாடியோ கேமராவுக்கு ஏறக்குறைய நேராக இருக்கிறது. குளத்துத் தண்ணீருக்கும் கடை ஜன்னலுக்கும் உதவுவது இங்கே உதவாது.

ஸ்டுடியோவில்

நம் ஊர் பாஸ்போர்ட் சைஸ் ஸ்டுடியோ எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஒரு ஸ்டூல், பின்னால் திரை, இரண்டு பக்கமும் முகத்தின் உயரத்தில் இரண்டு வெள்ளைக் குடைகள். குடை விளக்கு அந்த உயரத்தில் இருந்தால் இரண்டு லென்ஸிலும் இரண்டு குடை தெரியும். புதிதாக வந்த ரிங் லைட் இன்னும் மோசம். கண்மணியின் மேலேயே வட்டம் போடும். ரிங் லைட் மட்டும்தான் இருக்கிறது என்றால் வேறு கடை பாருங்கள்.

போனவுடன் கேட்க வேண்டியது இதுதான்: "அண்ணே, ஒரு லைட்டை அணைச்சுட்டு இன்னொண்ணை நல்லா மேல ஏத்துங்க. குடையோட அடிப்பாகம் என் நெத்திக்கு மேல வரணும்." விளக்கு கேமராவுக்கு ஒரு பக்கமாக, 30 முதல் 45 பாகைக்குள் இருக்கட்டும். அவர் மெதுவாக ஏற்றும்போது லென்ஸில் இருக்கிற வெள்ளை நகர்ந்து ஃபிரேமைத் தாண்டி மறைவதைக் கேமராவுக்குப் பின்னால் நிற்பவர் பார்க்கலாம். மறைந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஏற்றினால் ஃபிரேமின் நிழல் கண்மேல் விழும், கண்ணுக்குள் இருக்கிற ஒளிப்பொட்டும் போய்விடும். அந்தப் பொட்டு போனால் கண் செத்துப்போன மாதிரி இருக்கும்.

விளக்கு உயர்ந்ததால் தாடைக்குக் கீழும் மூக்குக்குக் கீழும் நிழல் கூடும். அதற்கு ஒரு தெர்மாக்கோல் அட்டையை மடிக்கு மேலே, படத்தில் வராதபடி பிடித்தால் போதும். லென்ஸ் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது என்பதை மறக்க வேண்டாம். அட்டையை முகத்துக்கு ரொம்பக் கிட்டே கொண்டுவந்தால் லென்ஸின் கீழ்ப்பாதியில் அதுவே வெள்ளையாகத் தெரியும். இடுப்பு உயரம் போதும்.

முகத்தை விளக்கு இருக்கிற பக்கம் திருப்பக் கூடாது. ஸ்டுடியோக்காரர்கள் பழக்கத்தில் "லைட்டைப் பார்த்து உட்காருங்கம்மா" என்பார்கள். கண்ணாடி அணிந்தவருக்கு அது தவறான பக்கம். நேராகவோ, விளக்குக்கு எதிர்ப்பக்கம் மிக லேசாகத் திரும்பியோ இருந்தால் ஒளி லென்ஸிலிருந்து விலகிப்போகும். தாடையை முதலில் ஒரு விரல் அளவு முன்னே நீட்டி, பிறகு கொஞ்சம் இறக்குங்கள். இது ஒளியையும் தவிர்க்கும், தாடைக்குக் கீழே துணி மடிவதையும் நிமிர்த்தும்.

கேமரா அமைப்பு அவருடைய வேலை. இரண்டு விஷயத்தை மட்டும் நீங்கள் சொல்லலாம். ஒன்று, ஃபோகஸ் ஃபிரேமில் நிற்காமல் கண்ணில் நிற்க வேண்டும். ஃபிரேமின் விளிம்பு அழுத்தமான கோடு என்பதால் கேமரா ஏமாந்து அதைப் பிடித்துக்கொள்ளும். முதல் படத்தைப் பெரிதாக்கி இமைமுடி தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். அப்பர்ச்சரை எஃப் 5.6 அல்லது 8 வைத்தால் ஃபிரேமும் கண்ணும் இரண்டுமே தெளிவாக வரும். இன்னொன்று, வெளிச்ச அளவை முகத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கறுப்பு ஹிஜாபைப் பார்த்த கேமரா காட்சி இருட்டாக இருக்கிறது என்று நினைத்து முகத்தை வெளுக்கச் செய்யும். வெள்ளை ஹிஜாபைப் பார்த்தால் முகத்தைக் கறுக்கச் செய்யும். முகம் கறுத்துவிட்டது என்று எடிட்டிங்கில் வெளுக்கவைப்பது நம் ஊரில் பெரிய வியாதி. உங்கள் நிறத்தை மாற்ற வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

சொல்லத் தயங்குகிற இன்னொன்றையும் பணம் கட்டும் முன்பே சொல்லிவிடுவது நல்லது. தாடையைத் தொட்டுத் தலையைத் திருப்புவது பல ஸ்டுடியோக்காரர்களின் கைப்பழக்கம். "தொட வேண்டாம்ணே, வாயால சொல்லுங்க, நான் திருப்பிக்கிறேன்" என்றால் போதும், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். பெண் புகைப்படக்காரர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் அக்காவையோ தோழியையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். கேமராவுக்குப் பக்கத்தில் நின்று துணி நழுவினால், முடி எட்டிப் பார்த்தால் அவர் சொல்லட்டும். கதவு சாத்திய அறையும் ஒரு நிலைக்கண்ணாடியும் இருக்கிறதா என்று போனிலேயே கேளுங்கள். முடி தெரிந்த படம் ஏதாவது இருந்தால் அங்கேயே அழிக்கச் சொல்லுங்கள். உங்கள் படத்தைக் கடை முகப்பிலோ இன்ஸ்டாகிராம் பக்கத்திலோ போடக் கூடாது என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

மாதிரிக்கு ஒரு படத்தைக் காட்டினால் பேச்சு குறையும். தான்சானியாவில் 2021 மார்ச்சில் அதிபரான சாமியா சுலுஹு ஹசன் ஹிஜாபும் கண்ணாடியும் அணிபவர். அவருடைய பல படங்களை அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். லென்ஸில் விளக்கு விழுந்தது எது, விழாதது எது, விளக்கு எங்கே இருந்திருக்கும் என்று கண் தானாகப் பழகும். துணி முகத்தில் எப்படி உட்கார வேண்டும் என்பதற்கு 2017 முதல் 2023 வரை சிங்கப்பூர் அதிபராக இருந்த ஹலிமா யாக்கோபின் அதிகாரபூர்வப் படம் நல்ல மாதிரி.

தொழிலும் உடையும்

டாக்டரின் வெள்ளைக் கோட்டுக்கு வெள்ளை ஹிஜாப் போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று கரைந்து, முகத்துக்குக் கீழே ஒரு வெள்ளை மேகம்தான் மிஞ்சும். இளநீலமோ அரக்கோ போடுங்கள். வழக்கறிஞர்களுக்குக் கழுத்தின் வெள்ளை பேண்ட் தொழில் அடையாளம். ஹிஜாபின் முனைகள் அதை மூடிவிடும் என்பதால் முனைகளைக் கோட்டுக்குள் செருகி, பேண்ட் முழுவதும் தெரியவிடுங்கள். பிளேசர் அணிபவர்களும் முனைகளை உள்ளே விட்டால்தான் காலரின் கோடு நேராகத் தெரியும். சேலை கட்டுகிற ஆசிரியைகள் தோளில் முந்தானை மடிப்பைப் பின் செய்தபின் ஹிஜாபின் ஒரு முனையை முதுகுப் பக்கம் விட்டால் மடிப்பு மறையாது.

முகப்பவுடர் போடுவதாக இருந்தால் ஃப்ளாஷ் வெளிச்சத்தில் ஒருமுறை சோதியுங்கள். சில பவுடர்களும் சன்ஸ்கிரீனும் ஃப்ளாஷில் சாம்பல் பூசியது போல வெள்ளையடிக்கும். ஹிஜாபுக்கு நடுவில் முகம் மட்டும் தெரிவதால் அது இரண்டு மடங்காகத் தெரியும்.

வீட்டிலேயே எடுப்பதானால்

நல்ல ஜன்னல் ஒன்று இருந்தால் போதும், செலவே இல்லை. நேர்வெயில் வராத ஜன்னல் வேண்டும். வடக்கு ஜன்னல் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். அவை குளிர்நாட்டில் எழுதியவை. சென்னை அட்சரேகையில் சித்திரைப் பாதியிலிருந்து ஆடி முடியும்வரை நண்பகல் சூரியன் தலைக்கு வடக்கே இருக்கும். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலிலும் வெயில் வரலாம். வெள்ளை வேட்டி ஒன்றைத் திரையாகக் கட்டினால் தீர்ந்தது.

ஜன்னலுக்குப் பக்கவாட்டில், சுவரிலிருந்து நான்கைந்து அடி முன்னால் உட்காருங்கள். ஜன்னலின் சட்டம் லென்ஸில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால், அது மறையும்வரை முகத்தைச் சிறுகச் சிறுக ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் திருப்புங்கள். மறுபக்கம் தெர்மாக்கோல். அறை விளக்கு, டிவி, லேப்டாப் எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். லென்ஸ் எதையும் விடாமல் காட்டிக்கொடுக்கும். எடுப்பவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தால் அவரும் லென்ஸில் தெரிவார்.

போனின் பின்பக்கக் கேமராவையே பயன்படுத்துங்கள். இரண்டு மீட்டர் தள்ளி நின்று 2எக்ஸ் அல்லது 3எக்ஸ் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். கைநீட்டும் தூரத்தில் எடுத்தால் மூக்கும் ஃபிரேமும் பெருத்து, காதுப் பக்கம் சிறுத்துவிடும். பியூட்டி மோடையும் போர்ட்ரெய்ட் மோடையும் அணையுங்கள். ஹிஜாபின் விளிம்பு எங்கே முடிகிறது என்று அந்த மென்பொருளுக்குச் சரியாகத் தெரியாது. துணியின் ஓரத்தையும் கண்ணாடியின் கம்பியையும் தின்றுவிடும். திரையில் முகத்தின்மேல் விரலை வைத்து அழுத்தி, வெளிச்சத்தை அங்கேயே பூட்டிவிடச் சொல்லுங்கள்.

பாஸ்போர்ட், விசா

இது வேறு கணக்கு. இங்கே உங்கள் விருப்பத்துக்கு இடமில்லை. மத வழக்கத்துக்காக அணிகிற தலைத்துணியைப் பெரும்பாலான நாடுகள் ஏற்கின்றன. தாடையின் அடியிலிருந்து நெற்றி வரையும், முகத்தின் இரண்டு ஓரமும் தெரிய வேண்டும், முகத்தில் நிழல் விழக் கூடாது. முன்னே சொன்ன நெற்றிப்பொட்டுப் பின்கள் இங்கேயும் உதவும். கண்ணாடி விஷயத்தில் அமெரிக்கா கறார்: 2016 நவம்பர் 1 முதல் பாஸ்போர்ட், விசாப் படங்களில் கண்ணாடி கூடாது. அவர்களுக்கு 2 அங்குலச் சதுரப் படம். இணையத்தில் ஏற்றுவதானால் 600 முதல் 1200 பிக்சல் வரையான சதுரம். பின்னணி வெள்ளை என்பதால் வெள்ளை ஹிஜாபைத் தவிர்த்துவிடுங்கள், தலையின் எல்லையே தெரியாமல் போகும்.

இந்தியாவில் பாஸ்போர்ட் சேவா மையத்தில் கவுன்ட்டரிலேயே படம் எடுத்துவிடுவார்கள். அங்கே விளக்கை ஏற்றச் சொல்ல முடியாது. கண்ணாடியைக் கழற்றச் சொன்னால் கழற்றத்தான் வேண்டும். மூக்கில் பதிந்த தடம் மறையக் கொஞ்ச நேரம் ஆகும் என்பதால் வரிசையில் இருக்கும்போதே கழற்றிவிடுங்கள். இலங்கையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அங்கீகரித்த ஸ்டுடியோவில்தான் பாஸ்போர்ட் படம் எடுக்க வேண்டும். வேலைக்கான படத்தையும் அதே அமர்வில் எடுத்துக்கொள்வதானால், முதலில் கண்ணாடி இல்லாத பாஸ்போர்ட் படம், பிறகு கண்ணாடியோடு மற்றது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தேர்வும் எடிட்டிங்கும்

எல்லாம் செய்தும் லென்ஸில் ஒளி மிச்சமிருந்தால், அசையாமல் உட்கார்ந்து கண்ணாடியோடு ஒன்று, கண்ணாடியைக் கழற்றி ஒன்று என எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டாவதிலிருந்து கண் பகுதியை மட்டும் எடுத்து முதல் படத்தில் பொருத்தலாம். கம்பியைத் துணிகளுக்கு நடுவில் செருகியிருப்பதால் கழற்றும்போது சுற்று கலையாது. லென்ஸ் இல்லாத வெறும் ஃபிரேமை மாட்டிக்கொள்ளச் சொல்கிறவர்களும் உண்டு. பவர் குறைவாக இருந்தால் அதில் தவறில்லை. பவர் அதிகம் உள்ளவருக்குக் கண்ணின் அளவே மாறி, வேறு ஆள் மாதிரி தெரியும்.

எடிட் செய்பவரிடம் லென்ஸின் ஒளியையும் துணியில் ஒட்டிய நூலையும் எடுக்கச் சொல்லலாம். துணியின் மடிப்பை மழுக்கச் சொல்லாதீர்கள், தோலை மெழுகாக்கவும் விடாதீர்கள். தலைக்கு மேலே தாராளமாக இடம் விட்டு, நெஞ்சு வரை வருமாறு வெட்டச் சொல்லுங்கள். லிங்க்டுஇன் போன்ற தளங்கள் படத்தை வட்டமாக வெட்டும். இடம் விடாவிட்டால் ஹிஜாபின் உச்சி போய்விடும். 400 பிக்சல் சதுரம் அங்கே போதும். ஆனால் கடையிலிருந்து முழு அளவு ஃபைலைக் கேட்டு வாங்குங்கள், பேனர் அடிக்கிற நாள் வரும்போது தேவைப்படும்.

அடுத்த முறை கண்ணாடி மாற்றும்போது கொஞ்சம் விலை கூடினாலும் ஆன்ட்டி ரிஃப்ளெக்‌ஷன் கோட்டிங் உள்ள லென்ஸையே கேளுங்கள். ஃபிரேம் மாறிய மாதமே படத்தையும் புதிதாக எடுத்துவிடுங்கள்.